கவிழ்ந்தே கிடந்த சீட்டு

அன்று மாலை எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, அவன் மனைவி, என் தங்கை, என் மருமகள். ஆறாவதாகத் தானும் இருந்து பார்த்ததாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கதவை உட்பக்கம் பூட்டியவன் நான்.

இல்லாதவள் தம்பியின் மகள். எங்களிடம் கண் சோதிப்பவள் அவள்தான். காலையில், வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும்போதே, "பெரியப்பா, லென்சுக்கு நீங்க வச்ச கோணம் தப்பு. இதைப் போட்டா அவருக்குத் தலை சுத்தும்" என்றாள். தனியாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். கடை என் தகப்பனார் வைத்தது.

"நான் கூப்பிடாம இந்தப் படி ஏறாதே" என்றேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கும் போகவில்லை. தோழிகள் வீட்டிலும் இல்லை. தம்பியும் அவன் மனைவியும் என் தங்கையும் மாற்றி மாற்றிப் போன் செய்தார்கள். மணி அடித்து அடித்து நின்றது. அவள் எடுக்கவில்லை. வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆத்துப் பாலத்துப் பக்கம் போயிருப்பாளோ" என்று தாய்க்காரி முனகினாள்.

"போலீசுக்குப் போயிடலாம்ணே" என்றான் தம்பி.

"போனா நாளைக்குத் தெருவெல்லாம் நம்ம கதைதான். பொறு." என் கை சில்லிட்டிருந்தது. அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

என் மருமகளுக்கு டாரோ என்ற படச் சீட்டுகளை விரித்துக் குறி பார்க்கத் தெரியும். நான் அதை ஆதரித்ததில்லை. தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவை பாரேன்மா" என்றாள். மருமகள் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நகைப்பெட்டிபோல் பத்திரமாக வைத்திருந்த சீட்டுக்கட்டை அவள் கைப்பையிலிருந்து எடுத்தாள். ஆனால் விரிக்கவில்லை, எப்படி விரிப்பது என்று யோசித்தாள்.

"மூணு சீட்டு போடு. நேத்து, இன்னைக்கு, நாளைக்கு. சட்டுனு முடிஞ்சிடும்" என்றாள் தங்கை, கரைத்துக் குடித்தவள் போல.

"நடந்தது நமக்கே தெரியும் அத்தை. அதுக்கு எதுக்கு ஒரு சீட்டு?"

"அப்ப அந்தப் பத்துச் சீட்டு விரிப்பு?"

"போடலாம். அதுல கடைசிச் சீட்டு, முடிவு என்னன்னு சொல்லும்."

"முடிவு வேண்டாம்!" என்று தம்பி மனைவி அலறினாள்.

"எங்க இருக்கான்னு காட்டற விரிப்பு இல்லையா?" என்றான் தம்பி.

"அதுக்குப் பேரு மேப்பு, சின்ன மாமா."

"விளையாட்டா இது?" என்றேன்.

"நீ பேசாதேண்ணா. காலைல பேசினதே போதும்" என்றாள் தங்கை.

மருமகள் கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "விரிப்புதான் கேள்வி. அதைத் தப்பா வச்சா எந்தச் சீட்டு விழுந்தும் பிரயோஜனமில்ல. நானே மூணு இடம் வைக்கிறேன். அவ மனசு ஒண்ணு. அவ திரும்பி வர என்ன வேணும்னு ஒண்ணு. வழியை மறிச்சுக்கிட்டு நிக்கறது யாருன்னு ஒண்ணு" என்றாள். லென்சுத் தட்டை நகர்த்திவிட்டு, பிரேம் துடைக்கும் துணியை என்னைக் கேட்காமலே விரித்து, மூன்று சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

முதல் சீட்டில், கண்ணைக் கட்டிய ஒரு பெண் நட்டுவைத்த வாள்களுக்கு நடுவே நின்றாள். தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சின்ன அத்தை. காலைக் கட்டலை பாருங்க. அவளால நடக்க முடியும். வான்னு யாரும் சொல்லலை, அதான் நிக்கறா."

இரண்டாவதில் ஒரு தேவதூதர் எக்காளம் ஊதினார். "யாராவது கூப்பிடணும்" என்றாள் மருமகள், குரலைத் தாழ்த்தி.

அவள் கை மூன்றாவதற்குப் போனது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. தம்பி தரையைப் பார்த்தான். தங்கை சுவரிலிருந்த கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு முதல் வரியே தெரியாது.

சீட்டின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன்.

"மாமா, இது ஒண்ணுதான் பாக்கி..."

"வேண்டாம்."

இடது கையை எடுக்காமலே வலது கையால் என் போனை எடுத்து அடித்தேன். மணி நீண்டது. நின்றுவிடும் என்று நினைத்தபோது எடுத்தாள். பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ ரயிலின் பெயர் கேட்டது.

"நான்தான் கூப்பிடறேன். கடைக்கு வா."

"டிக்கெட் எடுத்துட்டேன், பெரியப்பா."

"திருப்பிக் குடுத்துடு."

"காலைல வந்தவரோட கண்ணாடி?" என்றாள்.

"மாத்தணும். நீயே வந்து கோணம் வை."

"சரி" என்றாள். தம்பி மனைவி அந்த மேசையிலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தேன்.

எங்கள் பெண்ணைச் சீட்டு பார்த்துக் கண்டுபிடித்ததாகவும், மூன்றாவது சீட்டில் கொம்பு முளைத்த சாத்தான் வந்ததாகவும் கடைத்தெருவில் ஒரு பேச்சு உண்டு. தவறு. அவளைக் கூப்பிட்டது நான். மூன்றாவது சீட்டை யாரும் திருப்பவில்லை. அது கவிழ்ந்தபடியே கட்டுக்குள் போய்விட்டது.