விதி பதினான்கு

வெர்னா லிண்ட்குவிஸ்ட் அன்றைக்கு நகரசபைக்குப் போனதே லாயிட் ப்ரூயிட்டுக்குப் பரிந்து பேசத்தான். பாவி, அப்படிப்பட்ட மனசு அவளுக்கு!

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆல்டர் பெண்ட் என்கிற அந்தச் சின்ன ஊரின் கடைத்தெருவில் யார் எப்படிக் கட்டலாம் என்று விதி எழுத ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு குழு போட்டார்கள். அதில் வெர்னாவும் லாயிட்டும் அக்கம்பக்கத்து நாற்காலி. கடைகளும் அடுத்தடுத்தவை, முப்பது வருஷப் பழக்கம். பதினான்காவது விதிக்காக மட்டும் வெர்னா மூன்று கூட்டம் மல்லுக்கு நின்றாள். வடக்கே இருக்கிற மனையின் வெயிலை மறைக்கக் கூடாது, மேல்மாடிகளைப் பின்தள்ளித்தான் கட்ட வேண்டும் என்பது அது. அவளுடைய விதைக்கடைக்குப் பின்னால் கண்ணாடிக் கூடாரம் இருக்கிறது. மார்ச் மாதம் அதில் தக்காளி, மிளகாய் நாற்று வளர்த்தால்தான் அவளுக்கு வருஷம் முழுக்கப் பிழைப்பு. கனடாவில் மார்ச் வெயில் என்பது சொட்டுச் சொட்டாக வருகிற சமாச்சாரம். கைதூக்கி முதலில் ஆதரித்தவன் லாயிட்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவனே அவள் கடைக்குத் தெற்கே ஒட்டிய தன் மனையில் கட்டப் போவதாக வந்து நின்றான். அனுமதி கேட்கிறவர்கள் அண்டைவீட்டாரிடம் வரைபடத்தைக் காட்டி ஆதரவுக் கடிதம் வாங்குவது அந்த ஊர் வழக்கம். அவன் காட்டியது முகப்புப் படம் ஒன்றுதான். செங்கல் சுவர், பச்சைப் பந்தல், ரெண்டு மாடி, கண்ணுக்கு லட்சணம்.

"உன் கையெழுத்து இருந்தா சபைக்கு ஒரு தெம்பு வெர்னா."

"போடா, நீ கட்டுறத நான் வேற பாக்கணுமா? விதிய எழுதினதே நாமதானே!"

அவன் டைப் அடித்துக்கொண்டு வந்த கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. தன் வீட்டுச் சாவியையே நம்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவனிடம் எவளாவது காகிதத்தை வாங்கிப் படிப்பாளா?

அன்றைக்குச் சபையில் திட்ட அதிகாரி திரையில் படங்களைப் போட்டாள். முகப்புக்குப் பின்னால் நாலு மாடி, மொட்டைச் சுவராக எழும்பி நின்றது. அடுத்தது, கட்டடத்தின் நிழல் எங்கே விழும் என்று காட்டுகிற நிழல் படம்: மார்ச் இருபத்தொன்று, காலை பத்து மணி. கூடாரம் இருந்த இடத்தில் கரிக்கட்டையாய் ஒரு கறுப்பு.

"பதினாலாவது விதியத் தளர்த்தணும்னு கேக்குறாங்க. பாதிக்கப்படுறவங்க எழுத்துல சம்மதம் குடுத்திருக்காங்க" என்றாள் அதிகாரி. "அந்த விதிக்காகப் போராடினவங்களே அவங்கதான்."

வெர்னா ஒலிவாங்கிக்கு ஓடினாள். "இத யாரும் எனக்குக் காட்டல! அந்தக் கடிதத்த வாபஸ் வாங்குறேன்!"

மேயர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "விதியத் தளர்த்த ஆட்சேபம் இல்லைன்னு தெளிவா இருக்கே வெர்னா. கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதான். அந்த வார்த்த என்னோடது இல்ல!"

"நீங்க சொன்னதக் குறிச்சுக்கிறோம்." வாக்கெடுத்தார்கள். நாலுக்கு ரெண்டு. அனுமதி ஆயிற்று.

நடைவழியில் கோட்டு மாட்டிக்கொண்டிருந்த லாயிட்டை அவள் மறித்தாள். "அந்த நிழல் படம் எப்ப வரைஞ்சது?"

அவன் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜனவரியில."

"என்கிட்ட நீ வந்தது பிப்ரவரி."

"காட்டியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே வெர்னா. நாலு மாடி இல்லேன்னா எனக்குக் கட்டுப்படியாகாது."

ஆனாலும் பாழாய்ப்போன மனசு ஒரு சாக்குத் தேடியது. தெரு முழுக்க ஏமாற்றியிருப்பான், அதில் நானும் ஒருத்தி என்றிருந்தால்கூடத் தேவலை.

"எதிர்ச்சாரி பேக்கரிக்காரங்க, மருந்துக்கடை, எல்லார்கிட்டயும் இப்படித்தான் வாங்கினியா?"

"இல்ல" என்றான் லாயிட். "உன்னோடது ஒண்ணு போதும்னு எனக்குத் தெரியும்."