சூடானால் குழல் நகரும்

அன்று காலை துப்பாக்கி சுடும் ரேஞ்சில் இருந்தவர்கள்: எர்ல் டக்கெட், அறுபத்தொரு வயது, மருந்துக் கிடங்கின் ஆயுதக் காவலர். அதே கிடங்கில் துப்பாக்கி இல்லாத இரவுக் காவலாளியான நான், வேட். வெல்டிங் படிப்பைப் பாதியில் விட்டவன். ரேஞ்சின் சொந்தக்காரி மர்லீன் சபோ. தன் துப்பாக்கியை விற்க வந்திருந்த ரஸ் கீனன். கல்லாவுக்கு அடியில் மர்லீனின் நாய். அதற்குக் காது கேட்காது. வேறு யாரும் இல்லை. பிப்ரவரிப் பனியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஒஹாயோவில் வேறு எவன் சுட வருவான்.

வெள்ளிக்கிழமை எர்லுக்குத் தேர்வு. ஆயுதக் காவலர்கள் வருடத்துக்கு ஒருமுறை மர்லீன் முன்னால் நின்று தாளில் சுட்டுக் காட்ட வேண்டும். ஐம்பது தோட்டாக்களில் குறைந்தது நாற்பது, தாளில் வரைந்த கோட்டுக்குள் விழ வேண்டும். எர்ல் இரண்டு தடவை தவறிவிட்டார். மூன்றாவதும் தவறினால் வேலை போய்விடும். துப்பாக்கி இல்லாத இடம் எங்கள் கிடங்கில் ஒன்றுதான். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை, நானும் கொடுப்பதாகச் சொல்லவில்லை. வேலையோடு இன்சூரன்ஸும் போகும். அந்த இன்சூரன்ஸில்தான் அவர் மனைவி நோரீனுக்குக் கண்ணில் ஊசி போடுகிறார்கள். ஊசி நின்றால் பார்வை போய்விடும் என்று டாக்டர் அவளிடமே சொல்லியிருக்கிறார்.

ஷிஃப்ட் முடிந்து நேராக என் காரில்தான் வந்தோம். எர்ல் தன் பழைய துப்பாக்கியைக் கல்லா மேல் வைத்தார். முந்நூறு டாலர் சரக்கு, பிளாஸ்டிக் உடல். அதன் விசையை இழுப்பது ஈரம் ஏறிய மேஜை இழுப்பறையை இழுப்பது மாதிரி இருக்கும். ரஸ் தன்னுடையதைத் துணியிலிருந்து பிரித்து அதன் பக்கத்தில் வைத்தார். முழுக்க எஃகு. புதிதாக வாங்கியபோது மூவாயிரம், இப்போது ஆயிரத்தெண்ணூறு கேட்கிறார். அதன் விசையில் விரல் வைத்தால் பீன்ஸ் ஒடிப்பது போல அவ்வளவு சுத்தமாக ஒடியும்.

“தூக்கிப் பாருய்யா,” என்றார் ரஸ். “உன் பொண்டாட்டிய விட கனமா இருக்கும்.”

“அவ காதுல விழட்டும். அத வெச்சே உன் மண்டையில ஒண்ணு போடுவா.”

“போடட்டும். வாங்கினதுக்கு அப்புறம் போடட்டும்.”

மர்லீன் தோட்டாப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள். “ரெண்டையும் சுட்டுப் பாரு எர்ல். சுடாம காசக் குடுக்காத. முந்நூறு டாலர் துப்பாக்கிக்கு இங்க வர்றவன்ல பாதிப் பேர விட நல்லா சுடத் தெரியும்.”

“இவ மலிவு சரக்கு விக்கிறவ, இவ பேச்சக் கேக்காத,” என்றார் ரஸ்.

“இந்த ஊர்ல மில்லு திறந்திருந்தப்போ நானும் நல்ல சரக்கு வெச்சிருந்தேன். இப்ப வாங்க யாரு இருக்கா? நீயே விக்க வந்து நிக்கிற.”

ரஸ் துப்பாக்கியைச் சுற்றியிருந்த துணியை மடித்தார். அவர் ஒரு காலத்தில் மாநிலப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர். இப்போது அந்தக் கோப்பைகளையும் விற்றுக்கொண்டிருக்கிறார் என்று பேச்சு.

எர்லுக்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டு வாரமாக இரவு முழுக்க எனக்கு அதையே சொல்லிக்கொண்டிருந்தார். “முதல் தோட்டா எப்பவும் நடுவுலதான் விழுது வேட். நீயே பாத்திருக்க. அப்புறம்தான் சிதறுது. அப்ப தப்பு என் மேல இருந்தா முதல் தோட்டாவும் சிதறணும்ல? மலிவு குழல்டா. சூடானா நகருது.” ரஸ்ஸிடம் கேட்டபோது அவரும் ஆமாம் என்றார். சூடானால் குழல் நகரும், நல்ல எஃகு நகராது என்றார். விற்க வந்தவன் வேறு என்ன சொல்வான்.

நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன். காவல் அறையில் எர்லின் வலது கை மேஜையில் சும்மா கிடக்கும்போது, கட்டைவிரல் எதையோ உருட்டுவது போல அசையும். கோடையிலிருந்தே அப்படித்தான். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். கையைத் தூக்கிய உடனே நடுக்கம் நின்றுவிடும். சில நொடிகள் தூக்கியபடியே வைத்திருந்தால் மறுபடி வந்துவிடும். காப்பிக் கோப்பையை வைத்தே இதைக் கண்டுபிடித்தேன்.

கண்ணாடியும் காதடைப்பானும் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். எர்ல் முதலில் பழையதை எடுத்தார். முதல் தோட்டா நடுவில். இரண்டாவது கொஞ்சம் கீழே. ஐந்தாவது தோட்டா கோட்டுக்கு வெளியே. மறுபடி நிரப்பினார். கையைத் தூக்கிய உடனே ஒன்று நடுவில், பிறகு அதே சிதறல். தாள் கம்பியில் ஆடிக்கொண்டே எங்களிடம் வந்தது.

“பாத்தியா?” என்றார் எர்ல். கிட்டத்தட்டச் சந்தோஷமாகவே சொன்னார். “முதல் குண்டப் பாரு.”

அடுத்தது ரஸ்ஸின் துப்பாக்கி. அதை இரண்டு கையாலும் பிடித்து நிற்கும்போது எர்ல் பத்து வயது குறைந்தவர் போல இருந்தார். முதல் தோட்டா நடுவில், கச்சிதமாக. இரண்டாவதுக்கு அவர் அவசரப்படவில்லை. நல்ல துப்பாக்கிக்கு மரியாதை கொடுத்து, நிதானமாகக் குறி வைத்தார். அந்த நிதானம்தான் அவரைக் கெடுத்தது. துப்பாக்கியின் முனை மெல்ல ஆடத் தொடங்கியதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். மர்லீனும் பார்த்தாள்.

தாள் வந்தது. எர்ல் இரண்டு தாள்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தவில்லை. பொருந்தவும் வேண்டியதில்லை. நடுவில் ஒன்றிரண்டு, சுற்றிலும் அதே சிதறல்.

“இதுவும் சூடாகுதோ,” என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரஸ்ஸால் முடியவில்லை. தன் துப்பாக்கியைக் குறை சொன்னது அவருக்குச் சுட்டது.

“என்னுது சூடாகுமா? யோவ், உனக்கு இன்னும் பழகல, அவ்ளோதான். உன் குப்ப எப்படிச் சுடுதுன்னு நான் காட்டுறேன் பாரு. இன்னும் சூடாத்தான இருக்கு? குடு இங்க.”

பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். புதுத் தாள் போனது. அவர் செய்ய வேண்டியதெல்லாம் தவறாகச் சுடுவது மட்டும்தான். விற்க வந்தவன், பணம் வேண்டியவன், கொஞ்சம் கையைத் தளர்த்தினால் போதும். நான் அவர் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தோட்டா நடுவில். இரண்டாவதும் அதே இடத்தில். மூன்றாவது விழுந்தபோது அவர் ஒரு கணம் நின்றார். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கைக்குத் தவறத் தெரியவில்லை. நான்காவது, ஐந்தாவது. பிறகு வேண்டுமென்றே வேகமாக, குழல் கொதிக்கக் கொதிக்க மீதியையும் சுட்டார். தாள் வந்தபோது நடுவில் ஒரே ஓட்டைதான் இருந்தது. அதில் என் கட்டைவிரலை நுழைத்துவிடலாம்.



வெளியே வந்ததும் மர்லீன் காப்பி ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுவந்த, வால்நட் வைத்துச் சுட்ட இனிப்பு ரோலை நறுக்கி வைத்தாள். எர்ல் வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் சாப்பிட்டார்.

“எர்ல்,” என்றாள் மர்லீன். “வெள்ளிக்கிழமை நான் என்ன பாக்குறேனோ அதத்தான் எழுதுவேன்.”

“எழுது. நான் வேற எதுவும் கேட்டேனா?”

“கேட்டுடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.”

எர்ல் ரஸ் பக்கம் திரும்பினார். “ஆயிரத்தெண்ணூறு. துப்பாக்கிய இப்ப எடுத்துட்டுப் போய் காச வெள்ளிக்கிழம குடுக்கவா, இன்னைக்கே வேணுமா?”

ரஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “வேணாம்யா. நீதான் பாத்தியே.”

“ஒரு மணி நேரமா என் தல மேல ஏறி உக்காந்து வித்த. இப்ப வேணாங்கிற?”

“வாங்கி என்ன பண்ணப் போற?”

“வெறுங்கையோட போனா நோரீன் ஏன்னு கேப்பா. இதோட போனா வெள்ளிக்கிழம வரைக்கும் கேக்க மாட்டா. தூங்குவா.” ரோலின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். “நானும் கொஞ்சம் தூங்குவேன்.”

ரஸ் ஆயிரத்தைந்நூறுக்குக் கொடுத்தார். மர்லீன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எர்ல் துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். பனி, அதை உருக்கச் சாலையில் தூவிய உப்போடு சேர்ந்து சேறாகிக் கிடந்தது. நான் கேட்டேன், “டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

“எத?”

நான் அவர் கோட்டுப் பையைப் பார்த்தேன்.

“போனா அதுக்கு ஒரு பேர் வெப்பாங்கடா. பேர் வெச்சா கம்பெனிக்குச் சொல்லணும். பேர் இல்லாத வரைக்கும் அது வெறும் கை.”

நான் ஓட்டினேன். எங்கள் கிடங்கில் கூரைவரை பெட்டிகள் இருக்கின்றன. அந்த நடுக்கத்துக்கான மாத்திரையும் அதில் எங்காவது இருக்கும். ஒவ்வொரு இரவும் அதைத்தான் காவல் காக்கிறோம்.

“பட்டுன்னு தூக்கி உடனே சுட்டீங்கன்னா?” என்றேன். “ஒவ்வொரு தோட்டாவுக்கும் கைய எறக்கி, மறுபடி தூக்கி. அப்ப எல்லாமே முதல் தோட்டாதான்.”

“அதையும் பண்ணிப் பாத்தேன். வீட்டுக் கொல்லையில, வெத்துத் துப்பாக்கிய வெச்சு. அஞ்சு தோட்டாவுக்குப் பத்து செகண்டு குடுக்குறாங்க. மூணுதான் வருது.”



வெள்ளிக்கிழமை அதைத்தான் செய்தார். எஃகுத் துப்பாக்கியைத் தூக்குவதும் இறக்குவதுமாக. சுட்டவையெல்லாம் நன்றாகவே விழுந்தன. ஒவ்வொரு சுற்றிலும் விசில் ஊதும்போது துப்பாக்கியில் தோட்டா மிச்சமிருந்தது. மிச்சமெல்லாம் தவறியதாகத்தான் கணக்கு. முப்பத்தொன்று. மர்லீன் ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை. கூட்டிப் போட்டிருந்தால், கிடங்கின் கதவை உடைத்துக்கொண்டு எவனாவது வரும் இரவில், எர்லின் குழலுக்கும் அவனுக்கும் நடுவே நான் நின்றிருப்பேன். அவள் எழுதியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை, என் ஷிஃப்ட் முடிய சற்று முன்பு, எர்ல் சாமான்களை ஒப்படைக்க வந்தார். பெல்ட், சட்டை, அடையாள அட்டை, சாவிக்கொத்து. சாவி வளையத்திலிருந்து தன் வீட்டுச் சாவியைக் கழற்ற அவருக்கு நேரமானது. நான் உதவப் போகவில்லை. போனால் திட்டியிருப்பார்.

“யாரு வர்றா எனக்குப் பதிலா?”

“டொலீடோலேர்ந்து ஒரு பொண்ணு. ராணுவத்துல இருந்தவளாம்.”

“நல்லா சுடுவாளா?”

“அம்பதுக்கு நாப்பத்தெட்டாம்.”

“என்ன துப்பாக்கி?”

“உங்களோட பழசு மாதிரியேதான். முந்நூறு டாலர்.”

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“நோரீன்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“சனிக்கிழம சொன்னேன். அந்த எஃகுத் துப்பாக்கிய மடியில வெச்சு தடவிப் பாத்தா. அவளுக்கு இப்ப பாதி கண்ணு கையிலதான். எவ்ளோ வழவழன்னு இருக்குன்னா. வேற ஒண்ணும் சொல்லல.”

கேட்க வேண்டியதைக் கேட்டேன். “இப்ப அது எங்க இருக்கு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது.

“மர்லீன்கிட்ட. ரெண்டுமே. நேத்து வீட்டுக்கே வந்து கேட்டா. எண்ணெய் போட்டுப் பெட்டகத்துல வெக்கிறாளாம். எப்ப வேணும்னாலும் வந்து கேளு, ஆனா நோரீனையும் கூட்டிட்டு வந்து கேளுங்கிறா. பெரிய சர்க்காரு.” மேஜையின் விளிம்பைத் தட்டினார். “குடுத்துட்டேன். போதுமா?”

“போதும்.”

வேலையில் இல்லாதவர் உள்ளே தனியாக நடக்கக் கூடாது என்பது விதி. கதவுவரை கூடவே போனேன். அந்த நடையில் எந்த விளக்கு மினுக்கும், எந்தக் குழாய் சொட்டும் என்று அவர்தான் எனக்குச் சொன்னவர். இன்று விருந்தாளி மாதிரி எனக்குப் பின்னால் வந்தார். வெளியே வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. நோரீன் ஓட்ட முடியாது என்பதால் அவரே வண்டியை ஓட்டி வந்திருந்தார். அதன் எஞ்சின் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“கதவப் பூட்டினதும் தள்ளிப் பாக்காம விட்டுடாத,” என்றார். “நீ எப்பவும் ஒரு தடவதான் தள்ளிப் பாப்ப.”

“சரி.”

“வெளிய நிக்கிறது நான்னு பாக்காத.”

வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு படியில் இறங்கினார். நான் கதவைச் சாத்தினேன். சாவியை இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினேன். ஒரு தடவை தள்ளிப் பார்த்தேன். அவர் இன்னும் படியில்தான் நின்றிருந்தார்; காலடிச் சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தடவையும் தள்ளிப் பார்த்தேன். பிறகுதான் அவர் நடந்தார்.