இசைவாணி அழித்த பதிவு

தம்பி சுரேந்தர் செத்த கதையை இசைவாணி தன் வலைப்பூவில் எழுதியது 2009இல். இன்சுலின் ஊசி வேண்டாம், பிரார்த்தனை போதும் என்றது அமுதவெளி சபை. நிறுத்தினான், செத்தான். சிதம்பரத்துக்கு வெளியே சபைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். பதிவைத் தூக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்ததும் பயந்துபோய் அழித்துவிட்டாள்.

கடலூரில் பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்த கதிரவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோடு இன்ஜினியரிங் படித்துப் பாதியில் விட்டவன். பதிவை முன்பே சேமித்து வைத்திருந்தான். இணையத்தில் ஒரு குழுமம் தொடங்கி, ஆளுக்கொரு நகல் ஏற்றுங்கள் என்றான். சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் துபாயிலும் இருந்த பதிவர்கள் ஏற்றினார்கள். பின்னூட்டங்களில் அவனைச் சிங்கம் என்றார்கள். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

ஆடி மாதம் அவளே பஸ் ஏறி வந்தாள்.

"எங்கம்மாவ உள்ள வுட மாட்றாங்க கதிரு. வியாழக்கெழமையானா அவன் சமாதில வெளக்கு வெப்பாங்க. இப்ப கேட்டோட நிறுத்திட்றாங்க. நெட்ல இருக்கறத எல்லாம் எடுத்தாதானாம்."

"இது மிரட்டல் வாணி. இதையும் எழுதணும்."

"எழுதுவ, நல்லா எழுதுவ. செத்தது உன் தம்பியா? வெயில்ல குந்தினு கெடக்கறது உங்கம்மாவா?"

பக்கத்து சிஸ்டத்தில் இருந்த சார்லஸ் ஹெட்போனைக் கழற்றினான். "எடுத்துத் தொலடா மச்சான். புரட்சி எங்க ஓடிடப் போவுது?"

கதிரவன் தன் நகலை அழித்தான். எழுதியவரே கேட்கிறார், எல்லோரும் நீக்கிவிடுங்கள் என்று குழுமத்தில் போட்டான். டொராண்டோக்காரரிடமிருந்து பதில் வந்தது: "குழும விதியைப் படியுங்கள் தோழர்." எழுதியவரே நீக்கச் சொன்னாலும் நீக்காதீர்கள், அது பயத்தில் சொல்வதாகவே இருக்கும் என்பது விதி. அதை எழுதியவன் கதிரவன்தான். எழுதியபோது வாக்கியம் கம்பீரமாக இருந்தது. இன்னொருவர், சபை உங்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்று கேட்டார். அடுத்த இரண்டு நாளில் புதிதாக நகல்கள் முளைத்தன.

நகலைப் பரப்பியவன் நான், அந்தம்மாவை விட்டுவிடுங்கள் என்று சபைக்காரர்களிடம் நேரில் சொல்லிவிடலாம் என வியாழக்கிழமை சிதம்பரம் போனான். சபை கேட்டுக்கு எதிரே புளியமரத்தடியில் இசைவாணியின் அம்மா செல்லாயி எண்ணெய்ப் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள். கேட்டில் ஆட்டுக்கிடா மாதிரி நான்கு பேர். அவர்களைப் பார்த்ததும் கேட்டுக்குப் போகாமல் புளியமரத்தடிக்குத் திரும்பினான்.

"நீ வாணிகூட படிச்ச புள்ளதான?" செல்லாயி அவன் கையைப் பிடித்தாள். "எவனோ கடலூர்க்காரன் போட்டு வுட்டானாமே தம்பி. இவளக் கேட்டா ஆருன்னு தெரியாதுங்கறா. உனக்குத் தெரிஞ்சவனா இருந்தா நல்லவிதமா சொல்லேன். அவனுக்கும் ஒரு தாயார் இருப்பா இல்ல?"

இசைவாணி அவன் முகத்தையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"கேட்டுப் பாக்கறம்மா," என்றான்.