சிவப்பு வண்டிக்கு வெளிநாட்டு விலை

"வெளிநாட்டுக்காரன் வாங்குவான் வாங்குவான்னீங்களே அக்கா, வாங்கினானா?"

சாந்தகுமாரி சாம்பார் கேரியரை அழுத்தி மூடினாள். "வருவான்."

"ரெண்டு தீபாவளியா வந்துட்டே இருக்கான். நடந்து வரானோ என்னவோ!" என்றாள் முத்தம்மா.

இருவரும் சேர்ந்துதான் பொம்மசந்திரா கம்பெனி ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டுகிறார்கள். சந்தாபுராவில் சாந்தகுமாரியின் வீட்டு மாடிச் சமையலறைதான் இடம். நாளுக்கு நாள் ஆள் கூடிக்கொண்டே போகிறது. அடுப்படியில் திரும்பினால் இடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீழே ரோட்டைப் பார்த்த ஷட்டர் ரூம் இருக்கிறது. அதில் நாலு மேஜை போட்டு மெஸ் வைத்துவிட வேண்டும் என்பதுதான் சாந்தகுமாரியின் ஆசை, அவசரம், எல்லாமே. ஆனால் அந்த ரூமில் அவள் புருஷன் சாமிநாதனின் சிவப்பு வண்டி நிற்கிறது.

சாதாரண வண்டி இல்லை. ஜப்பானில் செய்த ரெண்டு கதவு வண்டி, டர்போ வைத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் குடகுப் பக்கம் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ஆசைப்பட்டு இறக்குமதி செய்தார். சாமிநாதன் வேலை பார்த்த காரேஜுக்குத்தான் ரிப்பேருக்கு வரும். தோட்டக்காரருக்கு அலுத்துப்போனதும் சாமிநாதனுக்கே கொடுத்துவிட்டார். அது ரோட்டில் ஓடி ரொம்ப நாளாயிற்று. இப்போது துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, வீட்டு மாப்பிள்ளை மாதிரி.

"இந்த வண்டிக்கு இங்க மதிப்பு தெரியாது குமாரி. லண்டன் பக்கம் இதுக்குப் பைத்தியமா அலையறாங்க. அங்கயும் நம்ம மாதிரி வலது பக்கம்தான் ஸ்டியரிங். மூணு மடங்கு விலை வரும்" என்று சாமிநாதன் சொன்னபோது அவளும் நம்பினாள். போனால் சரி, ரூம் கிடைத்தால் சரி.

முத்தம்மா விடவில்லை. "அந்த எலக்ட்ரானிக் சிட்டி ஆள் வந்து கேட்டானே, அவனுக்கு ஏன் கொடுக்கல?"

"அவன் கண்டபடி ஓட்டி உடைச்சுடுவானாம்."

"வித்தப்புறம் அவன் உடைச்சா இவருக்கு என்ன? அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. உள்ளூர்ல வித்தா ஞாயித்துக்கிழமை ஒருத்தன் வந்து ஓட்டிட்டுப் போயிடுவான். வெளிநாடுன்னா? கப்பல் வரணும், காகிதம் வரணும், அங்க ராஜாவே கையெழுத்துப் போடணும். விக்கிற மாதிரியும் இருக்கணும், வண்டியும் இங்கயே இருக்கணும்னா இதை விட நல்ல வழி ஏது?"

சாந்தகுமாரிக்குச் சுரீர் என்றது. அட, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே!

அதிலிருந்து அவள் கண் புருஷன் மேலேயே இருந்தது. வண்டியை விற்றுத் தருவதாகச் சொன்ன ஏஜெண்ட் ரகுவிடமிருந்து போன் வந்தால் மனுஷன் எழுந்து பால்கனிக்குப் போகிறார். "என்ன சொன்னான்?" என்றால், "பாக்கலாம்ங்கறான்" என்கிறார். போன மாசமும் அதே "பாக்கலாம்". சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. விலை போகாத பொருளை வைத்திருப்பவன் முகமா அது?

அடுத்த தடவை போன் வந்தபோது அவளே எடுத்தாள். "ரகு, நீ நேர்ல வா தம்பி. வண்டி போகுமா போகாதான்னு என் முன்னால சொல்லு."

ரகு சனிக்கிழமை காலையில் வந்தான். கோரமங்களாவில் ஆபீஸ் வைத்து, பழைய வண்டிகளைக் கப்பலில் அனுப்புகிற தொழில். மடிப்புக் கலையாத சட்டை. அவனையும்தான் அவள் நம்பவில்லை.

"லாபம் வருமா, வராதா? அதை முதல்ல சொல்லு."

"வரும் மேடம். ஆனா சும்மா வராது. கண்டெய்னர் வாடகை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ், அங்க எறங்கினா வரி, அப்புறம் ரோட்டுல விட டெஸ்ட். அத்தனையும் போகத்தான் கையில நிக்கும்."

"அதுல உன் கமிஷன் எங்க நிக்கும்?"

ரகு சிரித்தான். "அதுவும் அங்கயேதான் மேடம், ஒரு ஓரமா."

"அந்த மூணு மடங்கு எங்கப்பா?"

"வண்டி ஒரிஜினலா இருக்கணும். அங்க வாங்கறவன் ஓடுதான்னு கூடக் கேக்க மாட்டான். சேஸிஸ் நம்பர் ஃபேக்டரியில அடிச்சது அப்படியே இருக்கான்னுதான் கேப்பான். அதை இன்னைக்கு ஒரு தாள்ல பதிச்சு எடுத்துட்டா மேல பேசிடலாம்."

சாமிநாதன் கீழே ஷட்டரைத் தூக்கி, போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுப் பானெட்டைத் திறந்தார். எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில்தான் நம்பர் குத்தியிருக்கும். ஆர்.டி.ஓ ஆபீசில் செய்வதைப் போலவே ரகு ஒரு வெள்ளைத் தாளை அந்த இடத்தில் வைத்து மேலே பென்சிலால் தேய்த்தான். முதல் நாலு எழுத்து மங்கலாக விழுந்தது. அதற்கப்புறம் வெறும் கறுப்பு. மறுபடி தேய்த்தான். மறுபடியும் கறுப்பு.

அவன் குரல் மாறிவிட்டது. "சார், இது எங்கேருந்து வந்த வண்டி?"

"திருட்டு வண்டியான்னு கேக்கறியா?"

"நான் கேக்கல சார். கஸ்டம்ஸ்ல கேப்பாங்க."

"போன தடவை ஆர்.சி. புதுப்பிச்சப்ப நல்லாத்தானே விழுந்துச்சு!" என்றாள் சாந்தகுமாரி. சொன்ன வாய் மூடுமுன்னே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. புருஷன் பக்கம் திரும்பினாள். "அரம் போட்டு ராவிட்டீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"வேற யார் பானெட்டைத் தொடறா? வண்டி போகக்கூடாதுன்னு நீங்கதான் ராவிட்டீங்க. என் மெஸ்ஸுல மண்ணைப் போட்டுட்டீங்க!"

"இல்ல மேடம்," ரகு டார்ச்சடித்துக் குனிந்தான். "அரம் போட்டா கோடு கோடா இருக்கும். இது துரு தின்னுருக்கு. யாரோ பெயிண்ட் போற வரைக்கும் தேய்ச்சுருக்காங்க, அப்புறம் உப்பு பட்டுருக்கு." ஓரத்துக் கிளிப்பிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தான். "இது குங்குமம். இந்த நார் என்ன மேடம்? தேங்காய் நார் மாதிரி இல்லையே?"

சாந்தகுமாரி பார்த்தாள். அது புளிக் கோது.

வண்டி ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் ஆயுத பூஜைக்குக் கோயில் வாசலில் நிறுத்தி பூஜை போட்டு வருவார்கள். நின்றுபோனதிலிருந்து வீட்டிலேயே அவள்தான் செய்கிறாள். வண்டிக்கு நெற்றி எது? பெயர் எங்கே இருக்கிறதோ அதுதானே? போன வருஷத்துக் குங்குமம் காய்ந்து ஒட்டியிருக்கும். குத்துவிளக்குக்குப் போடுகிற மாதிரியே புளியும் உப்பும் வைத்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, சந்தனம் வைத்து, அதன் மேல் பொட்டு வைப்பாள். வருஷா வருஷம். பளபளவென்று வருமே என்று இன்னும் ரெண்டு தேய் கூடவே தேய்ப்பாள்.

"இனி என்ன பண்றது?" என்றாள், குரலை இறக்கி.

"ஆர்.டி.ஓல அனுமதி வாங்கிப் புதுசா நம்பர் அடிக்கலாம். சட்டப்படி தப்பில்ல. ஆனா புதுசா அடிச்ச நம்பர்னா அங்க ஒதுங்கிடுவாங்க. விக்கிற காசு கப்பலுக்கே சரியாப் போயிடும். வேணும்னா எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கழட்டித் தனித்தனியா..."

"காப்பி குடிச்சியாப்பா?" என்றார் சாமிநாதன். "குடிச்சுட்டேன் சார்." "அப்ப கிளம்பு."

ரகு போனதும் சாந்தகுமாரி பானெட் மேலேயே கையை ஊன்றி நின்றாள். "நான் தேய்ச்சப்பல்லாம் நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

"துரு புடிக்கறது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"இத்தனை வருஷம் மெக்கானிக் வேலை பாத்த மனுஷன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

அவர் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வருஷத்துல அந்த ஒரு நாள்தான் நீ இதைத் திட்டாம தொட்டே. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

சாந்தகுமாரிக்கு ஒரு கணம் கோபம் மறந்தது. மறுகணமே சந்தேகம் வந்தது. இந்தப் பதில் எவ்வளவு நாளாக இவரிடம் தயாராக இருந்தது? "வெண்ணெயா பேசாதீங்க. விடறதும் ராவறதும் ஒண்ணுதான். முத்தம்மா! மேலேருந்து இறங்கி வா."

கேரியர் வாங்க வந்திருந்த கம்பெனி ஆட்கள் மூன்று பேரையும் முத்தம்மா கூட்டி வந்தாள். பக்கத்துக் காலி மனைக்காரரிடம் சாந்தகுமாரி நின்ற நிலையிலேயே போன் போட்டுக் கேட்டாள். தார்ப்பாய் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

"லண்டன் வேணாம். பத்தடி தள்ளிப் போனா போதும்," என்றாள். "ஏறி ஸ்டியரிங் பிடிங்க."

சாமிநாதன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். நாலு பேரும் பின்னால் நின்று தம் பிடித்துத் தள்ளினார்கள். வண்டி அசையவில்லை. மறுபடி தள்ளினார்கள். குலுங்கியதே தவிர நகரவில்லை.

"டயர்ல காத்து இல்ல போல," என்றார் உள்ளேயிருந்து.

"நேத்துதான் காத்தடிச்சீங்க."

"ரொம்ப நாள் நின்ன வண்டி, வீல் இறுகியிருக்கும்."

"அக்கா, நீங்களும் ஒரு கை போடுங்க, ஆயிடும்!" என்றாள் முத்தம்மா மூச்சு வாங்க.

"நீங்க தள்ளுங்க," என்று சாந்தகுமாரி டிரைவர் பக்கக் கதவை முழுசாகத் திறந்து, இடுப்பில் கை வைத்துக் குனிந்துகொண்டாள். "நான் இவர் காலைப் பாத்துக்கறேன்."

வண்டி நகர்ந்தது.