குளிர் அறையில் ஒரு ஜோடி பூட்ஸ்

லெம்பியின் கடையில் அந்த அளவில் ஒரே ஒரு ஜோடிதான் மிச்சம் இருந்தது. அதன் இடது பூட்ஸ் என் கையிலும் வலது பூட்ஸ் வில்ஹோவின் கையிலும் இருந்தன. மான் வேட்டைக் காலம் அந்தச் சனிக்கிழமை தொடங்கவிருந்தது.

அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் வடகோடியில் எங்கள் ஊர் சிறியது. மர அறுவை ஆலையில் வேலை செய்த நெட்டை ஆளான வில்ஹோவை நான் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. நான் அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். முட்டிவலியால் அப்பா மரமேறுவதை விட்டதால், மரத்தில் கட்டிய அவருடைய வேட்டைப் பரண் அந்த வருடம்தான் மகளான எனக்கு வந்திருந்தது.

நடந்து வேட்டையாடுபவருக்குக் கால் தானே சூடாகிவிடும். விடிவதற்குள் பரணில் ஏறி அசையாமல் உட்காருபவரைக் குளிர் முதலில் கடிப்பது கால்விரலில்தான். முந்தைய வருடம் அண்ணனுடைய பழைய தோல் பூட்ஸோடு வெட்டிய மரத்தின் அடிக்கட்டை ஒன்றில் உட்கார்ந்தேன். வெயில் ஏறுவதற்குள் தாங்கமுடியாமல் வீட்டுக்குப் போய்விட்டேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தை ஒட்டியே பெரிய கொம்பன் மான் ஒன்று நடந்துபோன தடத்தை அப்பா மாலையில் காட்டினார். இந்த வருடம் விடக்கூடாது என்றிருந்தேன்.

வில்ஹோ வலது பூட்ஸைப் போட்டுப் பார்த்தான். அடியில் ரப்பர், மேலே தோல், உள்ளே கழற்றி உலர்த்தக்கூடிய தடித்த கம்பளி உறை.

"எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரியே இருக்கு."

"அதனாலதான் உங்களுக்கு ஆகாது," என்றேன். "ரெண்டு சாக்ஸ் போட்டா விரலை அசைக்க முடியாது. அப்புறம் எங்க சூடு நிக்கும்? எனக்கு இது நல்லா பெருசு. அப்ப எனக்குத்தான் சரி."

"பெருசுதான் வேணும்னா எங்க அப்பா பூட்ஸைத் தரேன். அதுல நீங்க குடும்பத்தோட உக்காரலாம்."

எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டு லெம்பிக்குச் சலித்துவிட்டது. கடைக்குப் பின்னால் இறைச்சி தொங்கவிடும் குளிர் அறை ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு பூட்ஸ் மாட்டிக்கொண்டு, இரண்டு சாக்ஸோடு, பரணில் உட்காருவதுபோல் அதற்குள் போய் உட்காருங்கள், யார் கால் முதலில் விறைக்கிறதோ அந்த ஆள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்றாள். அசையக் கூடாது, பேசவும் கூடாது.

தொங்கும் மாட்டுத் தொடைகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட பெட்டிகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். என் பூட்ஸுக்குள் விரல்கள் தாராளமாக நீண்டு மடங்கின. அதை அவன் பார்க்க முடியாது. அவன் மூக்கு நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. துடைத்தால் தோற்றுவிடுவோமே என்று அப்படியே விட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு முட்டியது.

"சிரிச்சா ஆட்டம் செல்லாது," என்றான்.

"பேசினாலும்தான்."

மூக்கு நுனிச் சொட்டு விழும்வரை தாக்குப்பிடித்தான். பிறகு மெதுவாக, "விரல் இருக்கா இல்லையான்னே தெரியலை," என்று சொல்லிப் பூட்ஸையும் சாக்ஸையும் உருவினான். விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே அந்தக் காலை எடுத்து என் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து லெம்பி கதவைத் திறந்தாள்.

"பூட்ஸ் யாருக்குன்னு கேக்க வந்தேன். அவசரமில்லை, அப்புறமா வரேன்," என்று மறுபடி சாத்திவிட்டாள்.

பூட்ஸ் எனக்கு வந்தது. அவனுக்கான பெரிய அளவை லெம்பி சொல்லியனுப்பினாலும், வேட்டை தொடங்குவதற்குள் அது வந்து சேரவில்லை.

சனிக்கிழமை காட்டுக்குள் மெல்லிய காலணியில் நடந்தேன். வியர்த்தால் கம்பளி நனைந்துவிடும் என்று புது பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டிருந்தேன். மரத்தடியில் மாற்றிக்கொண்டு ஏறினேன். காலை முழுக்கக் கால் கதகதப்பாகவே இருந்தது. உச்சிவேளை நெருங்கும்போது சுள்ளி முறியும் சத்தம் கேட்டது. துப்பாக்கியை நான் தொடவில்லை. அவ்வளவு சத்தத்தோடு எந்த மானும் நடக்காது. சதுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வில்ஹோ நொண்டிக்கொண்டு வந்து மேலே பார்த்தான்.

"நீ இன்னும் இறங்கலையா?"

"எதுக்கு இறங்கணும்?"

கறியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டியில் பாதியை அவனுக்குப் போட்டேன். மரத்தில் சாய்ந்து தின்றபடி, இருட்டும்வரை காலைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்துக்கு எந்த மான் வரும்? எனக்கு அது குறையாகவே படவில்லை.

அடுத்த கோடையில் கல்யாணம் செய்துகொண்டோம். அதன்பின் எத்தனையோ நவம்பர்கள். பெரிய அளவு பூட்ஸ் வாங்கிய பிறகும் மதியமானால் என் மரத்தடிக்கு வந்துவிடுவான். கேட்டால், கால் விறைத்துவிட்டது என்பான்.

போன வசந்தத்தில் வில்ஹோ நெஞ்சுவலியில் போய்விட்டான். இந்த நவம்பரில் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். சனிக்கிழமை விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிட, கிளம்பிவிட்டேன். மதியம் காடு அப்படி ஓர் அமைதியாக இருந்தது. அந்த அமைதியில்தான் கொம்பன் வந்தது. நான் அதுவரை பார்த்ததிலேயே பெரியது. சுட்டேன்.

இறங்கிப் போய் அதன் கழுத்தில் கை வைத்தேன். இன்னும் சூடாக இருந்தது. சொல்ல ஆள் தேடிச் சதுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பனி விழத் தொடங்கியிருந்தது. கொம்பைப் பிடித்து, நின்று நின்று, நானே சாலைவரை இழுத்து வந்தேன்.