இறக்காத கதவு

காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த விலங்குக் காட்சிச்சாலையில் சிம்பன்சிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். அங்கே எல்லோருக்குமே அவள் அக்காதான். புதுசு என்று அவள் பெயர் வைத்திருந்த பெண் சிம்பன்சி இன்று கூட்டத்தோடு சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் வேறு ஊருக்கு, தனிக்கூண்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிம்பன்சியைத் தனியாக அடைப்பதும் உயிரோடு புதைப்பதும் ஒன்றுதான் என்று தொண்டை வறளக் கத்திப் பார்த்தாள். மனிதர் அசைந்துகொடுக்கவில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை முயன்று பார்த்தாயிற்று. புதுசின் அறைக்கும் கூட்டம் இருக்கும் முற்றத்துக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. அதைத் தூக்குவதும் இறக்குவதும் அக்காவின் பொறுப்பு. முற்றத்தில் பெரியதனம் என்கிற ஆண் சிம்பன்சி வைத்ததுதான் சட்டம். புதுசைக் கண்டதும் அது மயிர் சிலிர்க்கப் பாயும். புதுசு அலறிக்கொண்டு அறைக்குள் ஓடிவரும். அக்கா பதறிப்போய்க் கதவை இறக்கிவிடுவாள். சிறுவயதில் அவளும் தங்கையும் சண்டை போட்டால் அப்பா ஆளுக்கொரு அறையில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார். அந்தப் பழக்கம் இவள் கையிலும் ஊறிப்போயிருந்தது.

அந்தத் தங்கைதான் இங்கே கால்நடை மருத்துவர். இரண்டாம் முறை கதவு விழுந்த அன்று அவள் எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

"சண்டை போட விடறே, சமாதானம் ஆக விடமாட்டேங்கறே. அதுங்களைப் பிரிக்கறது பெரியதனம் இல்லக்கா, நீதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றோடு பேச்சு நின்றது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, டாக்டரம்மாவிடம் சொல்லுங்கள் என்பாள் ஒருத்தி, அவங்களிடம் சொல்லுங்கள் என்பாள் மற்றவள். நடுவில் மாட்டிக்கொண்டவர், விலங்குகளுக்குப் பழம் நறுக்கிப் போடும் சமையல்காரர். பாவம், அவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்றும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மூவரும் அதே வரிசையில் உட்கார்ந்தார்கள். தங்கையின் மடியில் மயக்க ஊசித் துப்பாக்கி. அக்கா பெஞ்சை ஒட்டியிருந்த கைப்பிடியை இழுத்தாள். கதவு மேலே போனது.

பெரியதனம் ஒரு மரக்கிளையை இழுத்துக்கொண்டு முற்றத்தை ஒரு கலக்குக் கலக்கியது. அடி, கடி, காது கிழியும் கூச்சல். புதுசு விரலில் ரத்தம் சொட்ட அறைக்குள் ஓடிவந்து மூலையில் ஒடுங்கியது. அக்காவின் கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. இறக்கினால் புதுசு தப்பிக்கும், இன்றைக்கு மட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையைத் தொடைக்கு அடியில் திணித்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கதவு திறந்தே இருந்தது. பெரியதனமோ உள்ளே வரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, புல்லில் இல்லாத எதையோ தேடியது. கோபம் போனபின்னும் வீறாப்பு போகாத மனிதர்கள் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருப்பார்களே, அதே நடிப்பு.

அப்போதுதான் அத்தை எழுந்தது. கூட்டத்தில் மூத்த பெண் சிம்பன்சி அது. நேரே போய்ப் பெரியதனத்தின் முதுகில் பேன் பார்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டடி நடந்து திரும்பிப் பார்த்தது. பெரியதனம் அசையவில்லை. அத்தை விடுமா? வந்து கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது. அத்தனை அட்டகாசம் செய்த முரடு, பெட்டிப்பாம்பாகப் பின்னாலேயே போயிற்று! இரண்டும் வாசலில், புதுசுக்கு எதிரே உட்கார்ந்தன. பிறகு அத்தை ஓசைப்படாமல் நழுவிக்கொண்டது.

"கையை நீட்டுடி, என் தங்கம்" என்று அக்கா முணுமுணுத்தாள். தங்கை துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தாள்.

புதுசு மெல்ல முன்னால் வந்தது. ரத்தம் காயாத கையை, உள்ளங்கை மேலே தெரிய, நீட்டியது. பெரியதனம் குனிந்தது. தான் கடித்த அதே விரலில் உதட்டை வைத்தது.

அக்கா துள்ளிக் குதித்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சமையல்காரர் பெஞ்சைத் தட்டோ தட்டென்று தட்டினார். முற்றத்துச் சிம்பன்சிகள் எல்லாம் சேர்ந்து கத்தியதில் யார் குரல் எது என்றே தெரியவில்லை. புதுசு இனி எங்கேயும் போகாது.

மூச்சு வாங்க அக்கா மறுபடி உட்கார்ந்தபோது சமையல்காரரைக் காணோம். பழம் நறுக்கவேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு நழுவியிருந்தார். நறுக்கிய பழம் வாளி நிறைய அவர் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது.

பெஞ்சில் நடுவே ஓர் ஆள் இடம் காலியாகக் கிடந்தது. தங்கை நகர்ந்து வந்து, அக்காவின் தலைமுடியில் சிக்கியிருந்த வைக்கோலை எடுத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

"ஆடாம இரு, அக்கா. இன்னும் நிறைய இருக்கு."

அக்கா ஆடாமல் இருந்தாள். வைக்கோல் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று இருவருக்குமே தெரியும்.