காற்று வரும் காலண்டர்

1996 சித்திரையில் செங்கல்பட்டில் அச்சான ஒரு காலண்டரிலிருந்து காற்று வீசியது. மின்விசிறியை இரண்டாம் எண்ணில் வைத்தால் வருகிற அளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வரைந்தவள் சம்பூர்ணம். சீனுவின் அச்சகத்தில் பத்தொன்பது வருடம் தூரிகையால் எழுத்தும் படமும் போட்டவள். மை இழுபடாமலிருக்க, ஒவ்வொரு கோட்டையும் குனிந்து ஊதிக் காயவைத்த பிறகே அடுத்த கோட்டைத் தொடுவாள். அந்தத் தை மாதம் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. "பங்குனிக்குள்ள கத்துக்கினா நீயே ஒக்காருக்கா. இல்லாங்காட்டி மெட்ராஸ்லேர்ந்து ஆளு வந்துடும்" என்று சீனு சொல்லிவிட்டான். சம்பூர்ணம் அன்றைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேறு வேலை கிடைக்காது என்றில்லை, வேறு வேலை அவளுக்குப் பிடிக்காது. மவுஸ் மேஜை விளிம்புவரை ஓடிப் பாதிக் கோட்டில் நின்றுவிடும். அதைத் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரியவே பதினோரு நாள் ஆயிற்று. எப்படியோ பங்குனிக் கடைசியில், திருப்போரூரில் மனை விற்கிற பார்த்தசாரதிக்காக, மாமல்லபுரம் கடற்கரையையும் சவுக்குத் தோப்பையும் திரையில் வரைந்து முடித்தாள். முடித்த கையோடு, பழக்க தோஷம், குனிந்து திரையை ஊதினாள். சவுக்கு அசைந்தது.

"பொட்டிய போயி ஊதுறியே, அது இன்னா டீயா?" என்றான் சீனு. இரண்டாயிரம் பிரதி போயிற்று. ஒரே வாரத்தில், பூஜையறை விளக்கெல்லாம் அணைகிறது என்று புகார் வந்தது. சீனு பயந்துபோய் மெட்ராஸிலிருந்து ஷ்யாமை வரவழைத்து அவள் நாற்காலியில் உட்காரவைத்தான். சம்பூர்ணம் காகிதம் மடிக்கப் போனாள், மடித்துக்கொண்டே அழுதாள். ஷ்யாம் ஒரே காலையில் அதே தோப்பை இலை இலையாக வரைந்துவிட்டான். அச்சில் ஓர் இலையும் அசையவில்லை.

அதற்குள் அக்கினி நட்சத்திரம் பிறந்து, மதியத்தில் கரண்ட் போக ஆரம்பித்தது. புகார் சொன்னவர்கள் பழைய காலண்டரைத் தொட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டார்கள். புதியதைக் கட்டோடு திருப்பிக் கொண்டுவந்தார் பார்த்தசாரதி. "படம் நல்லாத்தான் கீது. காத்து வரலியேப்பா." ஷ்யாமும் மூச்சுப் பிடித்து ஊதிப் பார்த்தான். கண்ணாடியில் ஆவி படிந்ததுதான் மிச்சம். நல்ல பிள்ளை, தானே எழுந்து நாற்காலியைத் துடைத்துவிட்டு, "வாங்கக்கா, ஒக்காருங்க" என்றான்.

கல்பாக்கத்து இன்ஜினியர்கள் இருவர் கருவியோடு வந்து காற்றின் வேகத்தை அளந்து குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு காலண்டர் வாங்கிப் போனார்கள். 2004இல் கம்ப்யூட்டருக்குத் தட்டைத் திரை வந்தபோதும் காற்று குறையவில்லை. எழுத்து ஷ்யாமுடையது, படமும் ஊதலும் சம்பூர்ணத்துடையது. கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் மெல்ல ஊதச் சொல்வார்கள், தடவிய மஞ்சள் பறந்துவிடுமாம். மற்றபடி அவள் நாற்காலியைப் பிறகு யாரும் கேட்கவில்லை.